நதிமூலம் பார்க்கும் தொழில்: அருங்காட்சியகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் ‘வந்த வழி’ என்றால் என்ன?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம்மிடையே ஒரு சொல்வழக்கு உண்டு. அருங்காட்சியகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் பணிபுரிகிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு நாள்தோறும் செய்வதோ அந்த மூலம் பார்க்கும் வேலையைத்தான். ஒரு பானையோ ஓவியமோ கடிதக் கட்டோ கைக்கு வந்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அது எவ்வளவு பழையது என்பதோ எவ்வளவு அழகானது என்பதோ அன்று. அது எங்கிருந்து புறப்பட்டது, யார் யார் கைமாறியது, எவற்றோடு சேர்ந்து இங்கே வந்தது என்பதே அவர்களுடைய கேள்வி. இதற்கான விடையைத் துறை சார்ந்தவர்கள் ‘புரொவெனன்ஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். ஓரிடத்திலிருந்து வருதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. மூலவரலாறு, உடைமை வரலாறு என்றெல்லாம் அதைத் தமிழில் எழுதலாம் என்றாலும், எளிமை கருதி இக்கட்டுரையில் ‘வந்த வழி’ என்றே எழுதுகிறேன்.

வீடு வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் கேட்பதை நினைத்துக்கொண்டால் இக்கருத்தின் பாதி விளங்கிவிடும். விற்பவர் நாணயமானவராகத் தெரிகிறார் என்பது போதாது. அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு முன்னிருந்தவருக்கு எப்படி வந்தது என்று சங்கிலி அறாமல் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். மறுபாதி சற்று நுட்பமானது. பழம்பொருள்களைப் பொறுத்தவரை, அது மண்ணிலிருந்து வெளிப்பட்ட இடமும் அங்கே அதன் அருகில் கிடந்தவையும் கைமாறிய வரிசையை விடவும் அதிகம் பேசக்கூடியவை. ஆவணங்களைப் பொறுத்தவரை, அவற்றை உருவாக்கியது யார் என்பதோடு, எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் இருந்தது என்பதும் வந்த வழியின் ஒரு பகுதியே.

உரிமையும் இடமும் எப்படி வேறுபடுகின்றன என்பதைக் காட்ட ஒரு கிரேக்கக் கலத்தின் கதை உதவும். நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972-ல் பத்து லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியது. மதுவையும் நீரையும் கலப்பதற்கான பெரிய மண்கலம் அது, கி.மு. 515 அளவில் செய்யப்பட்டது. யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் தம் பெயரை அதில் எழுதியிருக்கிறார். ட்ராய் போரில் மாண்ட சார்ப்பெடான் என்ற புராண வீரனின் உடலை உறக்கமும் மரணமும் தெய்வ உருவில் இருபுறமும் நின்று தூக்கிச் செல்லும் காட்சி அதன் மீது தீட்டப்பட்டிருக்கிறது. பெய்ரூட்டைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளரிடம் நெடுங்காலம் இருந்தது என்பதுதான் விற்ற வணிகர் அதற்குச் சொன்ன வந்த வழி. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே வணிகர் தம் கைப்பட எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்பு பாரிஸில் புலனாய்வாளர்களிடம் சிக்கியது. ஒரே கலத்துக்கு அதில் இரண்டு கதைகள் இருந்தன. இரண்டாவது கதையில் பெய்ரூட்டுக்குப் பதிலாக ஓர் இத்தாலிய வணிகர் இருந்தார். ரோம் நகருக்கு அருகிலுள்ள செர்வெத்தேரியில், ரோமானியருக்கு முன் அப்பகுதியில் செழித்திருந்த எத்ருஸ்கர்களின் கல்லறை ஒன்றிலிருந்து 1971-ல் கள்ளத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்ட பொருள் அது என்ற முடிவே நிலைத்தது. 2008 ஜனவரியில் அது இத்தாலிக்குத் திரும்பியது.

திரும்பியதும் உரிமைச் சிக்கல் தீர்ந்தது. இடம் பற்றிய இழப்பு தீரவில்லை, இனித் தீரவும் முடியாது. முறையான அகழாய்வில் அது வெளிப்பட்டிருந்தால், அறையின் எந்த மூலையில் இருந்தது, அருகில் எத்தனை கிண்ணங்கள் இருந்தன, புதைக்கப்பட்டவர் ஆணா பெண்ணா, ஏதென்ஸில் செய்த கலம் எத்தனை தலைமுறை புழங்கிய பின் கல்லறைக்குள் போனது என்பதையெல்லாம் ஓரளவு சொல்லியிருக்க முடியும். திருட்டுத் தோண்டுதலில் களவு போவது பொருள் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்: கலம் நம் கண்ணெதிரே முழுமையாக நிற்கிறது, எத்ருஸ்கர்களைப் பற்றி அது சொல்லியிருக்கக்கூடிய பெரும்பகுதி ஓர் இரவில் மண்வெட்டியோடு போய்விட்டது. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பரில் ஏற்கப்பட்டது. அந்த ஆண்டுக்கு முன்பே பொருள் தன் நாட்டை விட்டு வெளியேறியிருந்ததா, அல்லது அதன்பின் சட்டப்படி வெளியேறியதா என்று கேட்பது இன்று பல அருங்காட்சியகங்களின் வாடிக்கை. பன்னாட்டு அருங்காட்சியக அவையின் அறநெறி விதிகளோ இன்னும் ஒரு படி மேலே போய், பொருள் கண்டெடுக்கப்பட்ட அல்லது உருவாக்கப்பட்ட நாளிலிருந்து அதன் முழு வரலாற்றையும் நிறுவ முயல வேண்டும் என்கின்றன.

ஓவியங்களின் வந்த வழி பெரும்பாலும் அவற்றின் முதுகில் எழுதப்பட்டிருக்கும். பார்வையாளர் காண்பது முகப்பை மட்டுமே. காப்பாட்சியர் முதலில் ஓவியத்தைத் திருப்பிப் பார்ப்பார். சட்டத்தின் மரக்கட்டையில் ஏல நிறுவனம் அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மையில் பதித்த எண், சட்டம் செய்த கடையின் சீட்டு, என்றோ நடந்த கண்காட்சியின் கிழிந்த லேபிள், சுங்க முத்திரை, நீலப் பென்சிலில் யாரோ கிறுக்கிய இலக்கம் என்று அங்கே ஒரு பயணப்பையின் தோற்றம் இருக்கும். ஓவியத் துணியைப் புதுப்பிக்கும்போது பழைய மரச்சட்டத்தைத் தூக்கி எறிவது முன்பு சாதாரணமாக நடந்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அந்தத் தூய்மைப் பணியால் அழிந்த வரலாறு கொஞ்சநஞ்சமல்ல.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் வெர்மீர் 1668-ல் தீட்டிய ‘வானியலாளர்’ ஓவியம் இருக்கிறது. வான்கோளத்தை நோக்கிக் கை நீட்டியபடி சாளரத்தருகே ஒருவர் அமர்ந்திருக்கும் அமைதியான படம். அதன் பின்புறத்தில் சிறிய கறுப்பு ஸ்வஸ்திகா முத்திரை ஒன்று உண்டு. 1940-ல் ரோத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கியாளர் குடும்பத்திடமிருந்து நாஜிகள் அதைப் பறித்துச் சென்றதன் அடையாளம் அது. போருக்குப் பின் குடும்பத்திடம் திரும்பிய ஓவியம் 1980-களின் தொடக்கத்தில் அரசின் உடைமையாயிற்று. பறித்தவர்களே எண்ணிட்டு, படமெடுத்து, அட்டைப் பதிவு எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் இந்தக் கொள்ளையின் விசித்திரம். பின்னாளில் உரியவர்களிடம் பொருள்களைச் சேர்ப்பதற்கு அந்தப் பதிவுகளே சான்றாகப் பயன்பட்டன.

அதே காலத்தில் இன்னொரு பதிவும் இரகசியமாக வளர்ந்துகொண்டிருந்தது. பாரிஸில் பறிக்கப்பட்ட கலைப்பொருள்களைக் குவித்துப் பிரித்து அனுப்புவதற்கு நாஜிகள் ழ்யூ த போம் அருங்காட்சியகத்தைப் பயன்படுத்தினார்கள். 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அதன் வழியே சென்றன. அங்கே பணியில் இருக்க விடப்பட்ட ரோஸ் வலாந்து என்ற பெண்மணிக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது, யாருடைய சேகரிப்பு எந்தக் கோட்டையில் வைக்கப்படுகிறது என்று அவர் நான்கு ஆண்டுகள் குறித்துக்கொண்டே இருந்தார். பிடிபட்டால் உயிர் போயிருக்கும். போர் முடிந்ததும் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை உள்ளிட்ட பதுக்கிடங்களுக்கு வழி காட்டியவை அந்தக் குறிப்புகளே. அருங்காட்சியகப் பணியில் வீரம் என்று ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் இப்படிச் சலிக்காமல் எழுதி வைப்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் பணி இன்னும் முடியவில்லை. 1998 டிசம்பரில் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி, நாஜிகள் பறித்த கலைப்பொருள்களைக் கண்டறிந்து நியாயமான தீர்வு காண்பதற்கான நெறிகளை ஏற்றன. 1933-க்கும் 1945-க்கும் இடைப்பட்ட இடைவெளி ஓர் ஓவியத்தின் உடைமை வரிசையில் தென்பட்டால், அதை ஆராயாமல் கடந்து போவது இப்போது எளிதன்று.

இவ்வளவு பெரிய கதைகளின் அடியில் இருப்பது மிகச் சாதாரணமான ஒரு பொருள்: சேர்க்கைப் பதிவேடு. அருங்காட்சியகத்தின் உடைமையாக ஒரு பொருள் ஏற்கப்படும் நாளில் அதற்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. 2019.12.3 என்று ஓர் எண்ணைக் கண்டால், 2019-ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டாவது வரவில் மூன்றாவது பொருள் என்று பல இடங்களில் பொருள் கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண் பொருளின் வகையையோ வயதையோ சொல்லவில்லை, வரவைச் சொல்கிறது என்பதுதான். ஒரே கொடையாக வந்த வாளும் கைக்கடிகாரமும் குழந்தையின் சட்டையும் மூன்று வெவ்வேறு சேமிப்பறைகளுக்குப் பிரிந்து போனாலும், ஒன்றாக வந்தவை என்ற செய்தியை அந்த எண் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

எண்ணைப் பொருளின் மேல் எழுதுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. மண்கலமாக இருந்தால், வெளிப்பார்வைக்குப் படாத அடிப்பகுதியில், பின்னாளில் கரைத்து நீக்கக்கூடிய தெளிந்த பிசினை மெல்லிய பூச்சாகத் தடவி, உலர்ந்ததும் அதன் மேல் நுண்ணிய பேனாவால் எண்ணை எழுதி, எழுத்து அழியாதிருக்க மேலே இன்னொரு பூச்சு இடுவார்கள். மை கலத்தைத் தொடுவதே இல்லை. துணியாக இருந்தால் எண்ணைப் பருத்தி நாடாவில் எழுதி, ஓரத் தையலில் இரண்டு மூன்று தளர்வான தையல்களால் பொருத்துவார்கள். தாளாக இருந்தால் மென்மையான பென்சிலால் பின்புறம் அழுத்தாமல் எழுதுவார்கள். எண் உதிர்ந்துபோன பொருளுக்குப் பதிவேட்டில் முகவரி இல்லை. சேமிப்பறையில் அது அநாதை. ஏறத்தாழ எல்லா அருங்காட்சியகங்களிலும் அப்படிப்பட்ட ஓர் அலமாரி இருக்கும், அதைப் பற்றி யாரும் உரக்கப் பேச மாட்டார்கள்.

ஆவணக் காப்பகத்தில் இதே கருத்து வேறு உருவம் எடுக்கிறது. நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குகிறோம். வானியல் ஒரு பக்கம், வேளாண்மை ஒரு பக்கம். ஆவணங்களையும் அப்படி அடுக்கலாமே என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கலைக்கப்பட்ட மடங்கள், நீதிமன்றங்கள், பிரபுக் குடும்பங்கள் ஆகியவற்றின் ஆவணங்கள் மலைபோல் குவிந்தபோது அங்கும் அப்படித்தான் தோன்றியது. பல ஊர்களின், பல நிறுவனங்களின் தாள்கள் பொருளுக்கேற்பப் பிரிக்கப்பட்டு ஒன்றோடொன்று கலந்தன. அதன் விளைவைக் கண்ட பிறகு, 1841 ஏப்ரலில் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நத்தாலிஸ் த வாய்யி என்ற ஆவணக் காப்பாளர் வகுத்த விதி அதில் இருந்தது: ஒரு நிறுவனத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ தனிமனிதரிடமிருந்தோ வந்த ஆவணங்கள் அனைத்தும் ஒரே தொகுதியாகச் சேர்ந்தே இருக்க வேண்டும், இன்னொருவருடையவற்றோடு கலக்கக் கூடாது. பெர்லினில் 1881-ல் பிரஷ்ய அரசுக் காப்பகம் இதை மேலும் இறுக்கி, தொகுதிக்குள் அதை உருவாக்கிய அலுவலகம் வைத்திருந்த வரிசையையும் கலைக்கலாகாது என்றது. 1898-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த மியுலர், ஃபெய்த், ஃபிரவ்ன் ஆகிய மூவர் இவற்றை நூறு விதிகளாகத் தொகுத்து எழுதிய கையேடு உலகக் காப்பகங்களின் பாலபாடமாயிற்று.

வரிசைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால் விளங்கும். ஓர் ஆலையின் அலுவலகக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு தொழிலாளியின் விண்ணப்பம். அதன் ஓரத்தில் எழுத்தர் குறித்த இரண்டு வரிகள். அதன் கீழே பதில் கடிதத்தின் வரைவு; அதில் ‘ஏற்கப்படுகிறது’ என்ற சொல் அடிக்கப்பட்டு ‘ஏற்பதற்கில்லை’ என்று மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே துருப்பிடித்த குண்டூசியில் குத்திய ஒரு துண்டுச் சீட்டு: ‘நேற்றுப் பேசியபடி செய்க.’ தேதி இல்லை, கையொப்பம் இல்லை, யாரைப் பற்றி என்றும் இல்லை. தேதிவாரியாக அடுக்கினால் இச்சீட்டுக்கு இடம் கிடையாது. பெயர்வாரியாக அடுக்கினாலும் கிடையாது. தனியே எடுத்தால் குப்பை. அது இருந்த இடத்தில் இருக்கும்வரை, ஒரு முடிவு எழுத்துக்கு வெளியே எங்கோ மாற்றப்பட்டது என்பதற்கு அக்கோப்பிலுள்ள ஒரே சான்று அதுதான். துரு தாளைத் தின்னும் என்பதால் குண்டூசியை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பதிலாக அம்மூன்று தாள்களையும் அமிலமற்ற தாளை மடித்து அதற்குள் அதே வரிசையில் வைப்பார்கள்.

இப்பாடத்தை நான் கற்றது நூல் வழியாக அன்று. தொடக்க நாள்களில் ஒரு சிறிய காப்பகத்தில் உதவிக்குச் சென்றிருந்தபோது, ஒரு புகைப்பட நிலையத்திலிருந்து வந்த பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். கிழிந்த உறைகளில் படங்கள் கலந்து கிடந்தன. திருமணத்தோடு பள்ளிக் குழுப் படம், அதோடு ஒரு வெற்றுக் கட்டடம். இரண்டு நாள் உட்கார்ந்து, திருமணங்களை ஒரு பக்கம், குழந்தைகளை ஒரு பக்கம், கட்டடங்களை ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்து, உறைகளைக் குப்பைக் கூடையில் போட்டேன். மூன்றாம் நாள் மூத்த காப்பாளர் வந்து பார்த்துவிட்டு, “எந்த உறையில் எந்தப் படம் இருந்ததென்று குறித்து வைத்தீர்களா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். ஒவ்வோர் உறையும் ஒரு குடும்பம் என்பதும், உறையின் மடிப்பில் பென்சிலால் எழுதியிருந்தது வாடிக்கையாளரின் எண் என்பதும் அதன் பிறகே எனக்குப் புரிந்தன. அந்த வெற்றுக் கட்டடம் யாரோ ஒருவரின் புது வீடாக இருந்திருக்கும். திருமணப் படத்தோடு இருந்தவரை அது யாருடையது என்று கண்டுபிடித்திருக்கலாம். கூடையைக் கவிழ்த்து மீட்டது பதினொரு உறைகள். அவர் என்னைத் திட்டவில்லை. தொகுதியின் விவரக் குறிப்பில், இத்தொகுதியின் மூல வரிசை இன்ன நாளில் இன்னாரால் கலைக்கப்பட்டது என்று என் கையாலேயே எழுத வைத்தார். காப்பாளரின் கை பட்ட செய்தியும் வந்த வழியில் சேர்ந்துவிடுகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

‘ஒருவர், ஒரு தொகுதி’ என்ற விதி எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசுத் துறைகள் பிரியும், இணையும், பெயர் மாறும். கோப்பு வரிசையோ ஒரு துறையில் தொடங்கி இன்னொன்றில் வளர்ந்து மூன்றாவதில் முடியும். அதை யாருடைய தொகுதி என்பது? ஆஸ்திரேலிய அரசுக் காப்பகத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்காட் 1966-ல் இதற்கு ஒரு மாற்று முன்வைத்தார்: கோப்பு வரிசையையும் அதை வைத்திருந்த துறைகளையும் தனித்தனியே விவரித்து, யார் எப்போது வைத்திருந்தார்கள் என்ற உறவுகளால் இணைத்துவிட்டால் போதும். இன்றைய கணினிப் பட்டியல்கள் பலவற்றில் இந்தச் சிந்தனையின் சாயலைக் காணலாம்.

இதுவரை ‘யாரிடமிருந்து வந்தது’ என்று கேட்டோம். வரலாற்றை ஆய்வாளர்களுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் எடுத்துச் சொல்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது: இதை யார், எதற்காக எழுதினார்கள்? 1781-ன் இறுதியில் ‘சோங்’ என்ற அடிமைக் கப்பலில் 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் உயிரோடு கடலில் வீசப்பட்டார்கள். அது இன்று நமக்குத் தெரிவது, கொலை வழக்கு நடந்ததால் அன்று. ‘சரக்கு இழப்பு’க்காகக் கப்பல் உரிமையாளர்கள் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள், காப்பீட்டாளர்கள் தர மறுத்தார்கள், 1783-ல் அது நீதிமன்றத்துக்கு வந்தது. ஆக, அந்த மனிதர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை பணத்தகராறு ஒன்றின் தாள்கள். அவற்றில் எண்ணிக்கை இருக்கிறது, தலைக்கு விலை இருக்கிறது, அவர்களுடைய பெயர்கள் இல்லை. வந்த வழியைச் சொல்லாமல் இந்தத் தாள்களைக் காட்சிக்கு வைத்தால், உரிமையாளரின் கண்ணையே பார்வையாளருக்கும் பொருத்தி அனுப்புகிறோம். இது காப்பீட்டு வழக்கின் ஆவணம் என்று ஒரு வரி எழுதினால், பெயர்கள் இல்லாத காரணம் பார்வையாளருக்குத் தானே விளங்கும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேமிப்பறைகளைத் திறந்து தம் விருப்பம்போல் காட்சி அமைக்கும் வாய்ப்பு 1992-ல் ஃப்ரெட் வில்சன் என்ற கலைஞருக்குக் கிடைத்தது. அவர் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. ஒரு கண்ணாடிப் பேழையில், நுணுக்கமான வேலைப்பாடுள்ள வெள்ளிக் குடுவைகளையும் கோப்பைகளையும் அடுக்கி, அவற்றின் நடுவே அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கு ஒன்றை வைத்தார். ‘உலோக வேலை, 1793–1880’ என்று மட்டும் லேபிள் எழுதினார். இரண்டும் ஒரே கழகத்தின் இருப்பில், ஒரே சமூகத்திலிருந்து வந்தவை. வெள்ளி கூடத்தில் மின்னிக்கொண்டிருக்க, இரும்பு அறைக்குள் கிடந்தது. வகைப்படுத்தலும் வந்த வழியும் வேறு வேறு என்பதை விளக்க எனக்குத் தெரிந்தவரை இதைவிடக் கூர்மையான காட்சி கிடையாது. விளக்கவுரை என்று ஒரு பத்திகூட அங்கே தேவைப்படவில்லை.

லேபிள்களின் சொற்களையும் இந்தக் கண்ணோடு படிக்கப் பழகலாம். ‘கொடை, 1923’ என்ற லேபிள் கடைசிக் கையை மட்டுமே சொல்கிறது. கொடுத்தவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதில் அது வாய் திறப்பதில்லை. ‘சேகரிக்கப்பட்டது’ என்ற சொல் இன்னும் வழுக்கலானது, ஏனெனில் விலை கொடுத்ததையும் பரிசாகப் பெற்றதையும் துப்பாக்கி முனையில் எடுத்ததையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைத் தாக்கி அரண்மனையிலிருந்து எடுத்துச் சென்ற ஆயிரக்கணக்கான வெண்கல, தந்தப் பொருள்கள் நெடுங்காலம் இப்படிப்பட்ட மென்மையான சொற்களுக்குள் இருந்தன. இன்று பல இடங்களில் ‘1897-ல் கொள்ளையிடப்பட்டது’ என்றே எழுதுகிறார்கள். லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022 நவம்பரில் 72 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே மாதத்தில் ‘டிஜிட்டல் பெனின்’ என்ற பொதுப் பட்டியல் வெளியானது. 20 நாடுகளில் 131 நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கும் 5,000-க்கும் மேற்பட்ட பொருள்களின் பதிவுகள் அதில் ஒன்றாக வைக்கப்பட்டன. ஓர் அரண்மனையிலிருந்து சிதறியவற்றைக் குறைந்தபட்சம் பட்டியலிலாவது மீண்டும் ஒரே தொகுதியாக்கும் அம்முயற்சியை, 1841-ன் சுற்றறிக்கை எழுதியவர் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

வந்த வழிக்கு மதிப்பு இருப்பதால் அதையும் போலியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு மோசடிக்காரர், நவீன ஓவியங்களின் போலிகளை விற்பதற்காக, புகழ்பெற்ற காப்பகங்களுக்குள் ஆய்வாளர் என்ற பெயரில் நுழைந்து, பழைய கண்காட்சிப் பட்டியல்களிலும் கோப்புகளிலும் தாம் தயாரித்த தாள்களைச் செருகிவைத்தார். வாங்குகிறவர் சந்தேகப்பட்டுக் காப்பகத்துக்குப் போனால், அங்கே ‘சான்று’ காத்திருக்கும். 1999-ல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஓவியங்களைச் சுவரிலிருந்து இறக்கிவிடலாம். காப்பகத்துக்குள் கலந்த பொய்த்தாள்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். வாசிப்பறையில் பையை வெளியே வைக்கச் சொல்வதும், ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் தருவதும் எதையும் எடுத்துப் போகாமல் இருப்பதற்காக என்றே பலர் நினைக்கிறார்கள். எதையும் உள்ளே வைத்துவிடாமல் பார்ப்பதும் அந்தக் காவலின் ஒரு பகுதிதான்.

கணினிக் கோப்புகளில் இச்சங்கிலி இன்னும் எளிதாக அறுந்துபோகிறது. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த நாளும் நேரமும், சில வேளைகளில் இடமும் மறைவாகப் பதிந்திருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அப்பதிவுகள் உதிர்ந்து, அளவும் சுருங்கி, பெயரும் மாறி, பெற்றவரிடம் போய்ச் சேர்வது வந்த வழியற்ற ஒரு படம். காப்பகங்கள் கணினிக் கோப்பை ஏற்கும்போது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்கின்றன. கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், பத்தாண்டு கழித்தும் இது அன்று வந்த அதே கோப்புதானா என்று சோதிக்க முடிகிறது.

வீட்டிலிருக்கும் பழைய படங்களையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்யத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எத்தனை பிக்சல், எந்தக் கோப்பு வடிவம் என்பதையே. அதைவிட முந்தியது வேறொன்று. பெட்டியைத் திறந்தவுடன் எதையும் நகர்த்தும் முன் அது இருக்கும் நிலையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் தந்தார்கள், எந்த அலமாரியில் இருந்தது, எந்த உறைக்குள் எது இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, எழுதியவர் பெயரையும் நாளையும் போடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் முன்பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் செய்யுங்கள். இல்லாவிட்டால், அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லையா, யாரும் திருப்பிப் பார்க்கவில்லையா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.